குளிர்நீரில் ஊறும் தேயிலை

தேயிலையைக் கொதிநீரில் போட்டால் சில நிமிடங்களில் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். குளிர்ந்த நீரில் போட்டால் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு ஒரு பகுதியை மட்டும் தரும். மிச்சத்தை இலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். குளிர்நீர்த் தேநீரின் சுவை, நிறம், தெளிவு, அதைக் கையாளும்போது தேவைப்படும் எச்சரிக்கை ஆகிய அனைத்துக்கும் மூலம் இந்த வேறுபாடுதான். கொதிக்கவைத்து ஆறவிட்டு ஐஸ் போட்ட டீயும், ஃபிரிட்ஜில் இரவெல்லாம் ஊறிய டீயும் ஒரே பொட்டலத்திலிருந்து வந்தாலும் இரண்டும் வெவ்வேறு பானங்கள். அடுப்பில் டீ போடும் அதே தூளையும் அதே கைப்பழக்கத்தையும் வைத்துக்கொண்டு குளிர்நீர்த் தேநீரில் இறங்கினால், கலங்கிய, மண்வாசம் வீசும் ஒரு தண்ணீர்தான் கிடைக்கும்.

கருந்தேயிலையின் எடையில் குறைந்தது 32 சதவீதமாவது கொதிநீரில் கரைந்து வெளிவர வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 3720 என்னும் பன்னாட்டுத் தரவிதி. எஞ்சியதெல்லாம் நாரும் புரதமுமான சக்கை. கரையும் பகுதியில் முதலில் சொல்லவேண்டியது பாலிஃபீனால்களை. பச்சைத் தேயிலையில் இவை கேட்டக்கின்களாக இருக்கின்றன. கருந்தேயிலை செய்யும்போது இலையைச் சுருட்டி, கசக்கி, காற்றுப்பட வைக்கிறார்கள். அப்போது இலையிலுள்ள நொதி இந்தக் கேட்டக்கின்களைத் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பெரிய மூலக்கூறுகளாக மாற்றுகிறது. டீயின் செம்பழுப்பு நிறமும் நாக்கை இழுத்துப்பிடிக்கும் துவர்ப்பும் அவற்றின் வேலை. காஃபீன் உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். கசப்பில் அதற்கும் பங்குண்டு. மூன்றாவது தியனைன். ஏறக்குறையத் தேயிலைக்கே உரிய இந்த அமினோ அமிலத்தை 1950-ஐ ஒட்டி ஜப்பானியர் கியோகுரோ என்ற உயர்தரப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தனர். நல்ல பச்சைத் தேநீரில் மெல்லிய இனிப்பும் ரசம்போன்ற நிறைவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். இவற்றுக்கு மேல் மணம் தரும் எண்ணெய்ச் சேர்மங்கள்: மல்லிகைப் பூவிலும் உள்ள லினலூல் அவற்றுள் ஒன்று.

குளிர்ந்த நீரில் காஃபீன் சரியாகக் கரையாது, அதனால்தான் குளிர்நீர்த் தேநீரில் அது குறைவு என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. பாதிதான் சரி. 25 பாகை செல்சியஸில் 100 மில்லி நீரில் 2 கிராம் அளவுக்குக் காஃபீன் கரையும். கொதிநிலையில் 66 கிராம் கரையும். வேறுபாடு பெரிதுதான். ஆனால் ஒரு லிட்டர் நீரில் போடும் 10 கிராம் இலையில் மொத்தமே 0.3 கிராம் அளவுக்குத்தான் காஃபீன் இருக்கும். ஃபிரிட்ஜ் நீரில்கூட அது முழுவதும் கரைய இடம் தாராளமாக இருக்கிறது. தடை கரைதிறனில் இல்லை. இலைக்குள்ளிருந்து வெளியே வருவதில்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வேதியியலாளர் மைக்கேல் ஸ்பிரோ 1970களின் பிற்பகுதி தொட்டுப் பல ஆண்டுகள் தேயிலை நீரில் இறங்கும் வேகத்தையே ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்தவர். மூலக்கூறுகள் தேநீரில் பரவுவதைவிட, நனைந்து வீங்கிய இலைக்குள் நகர்ந்து வெளியேறுவதே மிக மெதுவாக நடக்கிறது என்று அவருடைய அளவீடுகள் காட்டின. வெப்பம் குறைந்தால் இந்த நகர்வு இன்னும் தளர்ந்துவிடும். நீரே தடித்துப்போவதும் அதற்கொரு காரணம்: 5 பாகையில் உள்ள நீரின் பிசுக்கு, கொதிநீரின் பிசுக்கைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் தளர்வதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். தியனைன் சிறிய மூலக்கூறு, நீரில் எளிதாகக் கரைவது, குளிரிலும் வந்துவிடும். சர்க்கரைகளும் அப்படியே. கேட்டக்கின்களில் காலிக் அமிலம் ஒட்டிய வகைகள் உண்டு. அவைதான் அதிகம் துவர்ப்பவை. குளிர்நீரில் அவை தயங்கித் தயங்கி வரும். ஒட்டாத வகைகள் அவற்றைவிட எளிதாக இறங்கும். காஃபீனும் பாலிஃபீனால்களோடு பிணைந்து கிடப்பதால் பின்தங்கிவிடும். ஆக, நேரம் கூடக்கூட நீரின் வலிமை ஏறினாலும், கசப்பும் துவர்ப்பும் இனிப்பை எட்டிப்பிடிப்பதில்லை. கொதிநீரில் 6 நிமிடம் ஊறிய பச்சைத் தேயிலை வாயைச் சுருங்கவைக்கும். அதே இலை ஃபிரிட்ஜில் 6 மணி நேரம் ஊறினாலும் அப்படிச் செய்யாது.

இழப்பும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. வெப்பம் இழுத்து வரும் கனமான மணங்கள் பல குளிரில் வெளிவருவதில்லை. அசாம் டீயில் உள்ள மால்ட் மணம், வறுத்த இலையின் சூடான வாசம், வாயை நிறைக்கும் அடர்த்தி ஆகியவற்றைக் குளிர்நீரில் தேடுவது வீண். பூமணமும் பழமணமும் உடைய இலைகள் பொலிவு பெறும். வெறும் அடர்த்திக்காகச் செய்யப்பட்ட தூள்கள் பரிதாபமாகத் தோற்கும்.

ஐஸ் டீ செய்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்று: அடுப்பிலிருந்து இறக்கும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருந்த டீ, ஆறி ஃபிரிட்ஜுக்குள் போனதும் பால் சிந்தியதுபோல் கலங்கிவிடும். டீ கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது கெடவில்லை. சூட்டில் தனித்தனியே கரைந்திருந்த காஃபீனும் தியாஃபிளேவின், தியாரூபிஜின்களும், வெப்பம் இறங்கியதும் ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாகத் திரள்கின்றன; கலங்கல் அந்தத் திரள்தான். மறுபடி சூடாக்கினால் கரைந்து தெளியும். நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் கலங்கல் கூடும். விந்தை என்னவென்றால், தேயிலைச் சுவைஞர்கள் ஆறிய கோப்பையில் இந்தப் பாலாடைத்தன்மை தெரிந்தால் மகிழ்வார்கள். வலுவான டீ என்பதற்கு அது சான்று. சூடான டீக்குச் சிறப்பாக எண்ணப்படுவதே ஐஸ் டீக்குக் குறையாகிவிடுகிறது. குளிர்நீரில் ஊறவைக்கும்போது காஃபீனும் பெரிய பாலிஃபீனால்களும் குறைவாகவே இறங்குவதால் திரள்வதற்குப் போதிய சரக்கு இல்லை. தேநீர் தெளிவாகவே நிற்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கலங்கலையும் துவர்ப்பையும் அடக்கச் சூடான டீயில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடும் வழக்கம் உண்டு. குளிர்நீர் முறையில் அதற்கு வேலையே இல்லை.

இங்கே நீலகிரித் தேயிலை பேச்சுக்குள் வந்தே ஆகவேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டரில் தொடங்கி 2,400 மீட்டரையும் தொடும் தோட்டங்கள், இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் வாய்ப்பு, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனியை நெருங்கும் இரவுகள் என்று அந்த மலைக்கே உரிய சூழலில் விளையும் இலை, நறுமணத்தில் ஓங்கியும் துவர்ப்பில் அடங்கியும் இருக்கும். ஆறினாலும் அதிகம் கலங்காத தேயிலை என்று அமெரிக்க ஐஸ் டீக் கலவையாளர்களிடம் நீலகிரிக்குப் பெயர் உண்டு. நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் தேயிலை, அதாவது இலையை வெட்டாமல் சுருட்டிச் செய்யும் மரபுவகை, 2008-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் இன்றைக்கு மலையில் தயாராவதில் பெரும்பகுதி சி.டி.சி. என்னும் குருணைத் தேயிலை. பல்வரிசை உருளைகளுக்கிடையே இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் அந்த இயந்திரம் 1930-ல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கியது. பாலும் சர்க்கரையும் போட்ட டீக்கு அதை மிஞ்சியது இல்லை. டீக்கடை கிளாஸுக்கு நிறமும் திடமும் தருவதற்காகவே பிறந்த தேயிலை அது. குளிர்நீர் ஜாடியில் அதே குணம் இடைஞ்சலாகிறது. செல்சுவர்கள் முழுக்க உடைந்திருப்பதால் குளிரிலும் நிறம் குபீரென்று இறங்கும், மணம் பின்தொடராது, துணியிலும் தங்காத நுண்தூள் அடியில் வண்டலாகப் படியும்.

குன்னூர் ஏலத்தில் அதிக விலைக்குப் போன தேயிலைதான் குளிர்நீருக்கும் சிறந்தது என்று கொள்ள முடியாது. தேயிலையைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரவிதி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்கிறது. வணிகச் சுவைஞர்களின் முறையும் ஏறக்குறைய இதுதான். ஒரு கோப்பை டீயை ஆறு பக்கத்தில் வரையறுத்த அதன் பிரிட்டிஷ் மூலத்துக்கு 1999-ல் நகைச்சுவை நோபல் எனப்படும் இக்நோபல் பரிசு கிடைத்தது வேறு கதை. கொதிநீர் சொல்லும் தீர்ப்பு குளிர்நீருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே வாங்குபவர் விலையைப் பார்ப்பதைவிட இலையைப் பார்க்க வேண்டும்: முறுக்கிய, நீண்ட, அதிகம் உடையாத இலை, அடியில் தூள் சேராத பொட்டலம், மூக்கருகே கொண்டுபோனால் பூவோ பழமோ நினைவுக்கு வரும் மணம். உறையில் ஓ.பி., எஃப்.ஓ.பி. என்ற குறிகள் இருந்தால் முழு இலை, பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை, அதுவும் ஏற்றதே. டஸ்ட் என்று இருந்தால் காலை டீக்கு வைத்துக்கொள்வது நல்லது. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு, இலங்கையின் நுவரெலியா, ஜப்பானின் செஞ்சா, தைவானின் ஊலாங் ஆகியவையும் குளிர்நீரில் நன்றாகத் திறக்கும் இலைகள்.

ஐஸ் டீயின் வரலாற்றில் ஒரு கட்டுக்கதை நிலைத்துவிட்டது. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலையை அறிமுகப்படுத்தப்போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன், கடும் வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டாததால் அதை ஐஸில் குளிரவைத்துக் கொடுத்தார், ஐஸ் டீ அன்றுதான் பிறந்தது என்பது கதை. அவர் கொடுத்தது உண்மை, பிறந்தது அன்றல்ல. மேரியன் கேபல் டைரீ தொகுத்து 1870களின் இறுதியில் வெளிவந்த வர்ஜீனியா சமையல் நூலில் ஐஸ் டீக்கான குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது: காலையில் பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் ஊறவைத்து, வடித்துத் தெளியவிட்டு, ஐஸும் சர்க்கரையும் நிரப்பிய கிண்ணங்களில் ஊற்றி, எலுமிச்சை பிழிவது. 1890-ல் மிசௌரி மாநிலத்தில் முன்னாள் படைவீரர்கள் கூடிய விழா ஒன்றில் 880 கேலன் ஐஸ் டீ பரிமாறப்பட்டது. பிளெச்சிண்டன் ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கத்தை நாடறியச் செய்தார், அவ்வளவுதான். இன்று அமெரிக்கர்கள் குடிக்கும் தேநீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஐஸ் டீதான்.

இவையெல்லாம் சூடாகப் போட்டுக் குளிர்வித்த டீ. ஐஸ் கிடைக்குமிடத்தில்தான் அது நடக்கும். அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அவ்வளவு தூரம் வந்த ஐஸைச் சூடான டீயில் போட்டுக் கரைப்பது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம் என்பதற்கு ஒரு கணக்கு: 95 பாகையில் உள்ள அரை லிட்டர் டீயை 5 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். டீயின் அளவு இரட்டிப்பாகும், திடம் பாதியாகும். அதனால்தான் ஐஸ்மேல் ஊற்றும் டிக்காஷனை இருமடங்கு இலை போட்டு இறக்குகிறார்கள். குளிர்நீர் முறைக்கு ஐஸைவிட வேறொன்று தேவை: பல மணி நேரம் மாறாத குளிர். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்த பிறகே அது எளிய காரியமானது. ஜப்பானில் இதற்கு மிசுதாஷி என்று பெயர். கோடை வந்தால் வடிகட்டி பொருத்திய நீளமான பாட்டில்கள் அங்கே ஃபிரிட்ஜ் கதவுகளில் இடம்பிடித்துவிடும். தேயிலையே இல்லாத வறுத்த பார்லி நீரான முகிச்சாவும் அதே பாட்டிலில், அதே முறையில் ஊறும். கியோகுரோ இலைமீது ஐஸ் கட்டிகளை அடுக்கி, அவை உருகும் நீரிலேயே சொட்டுச் சொட்டாக இறக்கும் இன்னொரு முறையும் அங்கே உண்டு. பொறுமைசாலிகளுக்கு உரியது அது.

வீட்டில் செய்வதற்கு முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். இலையைவிடத் தண்ணீர்தான் ஆட்டத்தைக் கெடுக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. கால்சியமும் பைகார்பனேட்டும் கலந்தது. டீயின் மேல் எண்ணெய்போல் மின்னும் ஏடு எப்படி உண்டாகிறது என்று ஸ்பிரோவும் அவருடன் ஆய்வு செய்த ஜகன்யியும் 1993-ல் நேச்சர் இதழில் எழுதினர்: நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் இருக்கையில் தேநீரின் கரைபொருள்கள் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றமடைவதே காரணம். இத்தகைய நீரில் ஊறும் தேயிலை நிறம் கறுத்து, மணம் மழுங்கிப் போகும். நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கும். மேல்நீரைக் கலக்காமல் இறுத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. நீரும் நல்ல கேன் தண்ணீரும் பொருந்தும். எந்த நீரானாலும் கொதித்து ஆறியதாக இருப்பது மேல். அதற்குக் காரணம் சுவை மட்டுமில்லை, பின்னால் வருகிறது.

பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ ஆக இருக்கலாம். இரும்பு கூடாது, தேயிலையின் பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்தால் மைபோல் கறுக்கும். பித்தளை, செம்பு இரண்டையும் தவிர்க்க வேண்டும். வாய் அகன்ற மூடிபோட்ட ஜாடி கழுவ எளிது. இலையைச் சிறு உலோகக் கூட்டுக்குள் திணித்து உள்ளே விடுவது பயன்தராது: ஆர்த்தடாக்ஸ் இலை நனைந்தால் பல மடங்கு விரியும், அது அசைய இடம் வேண்டும். ஜாடியில் நேரடியாகப் போட்டுவிட்டுப் பிறகு வடிப்பதுதான் நேர்வழி.

ஒரு லிட்டருக்கு 10 கிராம் இலை என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. கரண்டிக் கணக்கு ஏமாற்றும். நீண்ட இலை கரண்டியில் காற்றோடு நிற்கும்; ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 2 கிராமுக்குள்தான் வரும். அதே கரண்டியில் குருணை இன்னும் கூடுதலாக நிற்கும். சிறிய தராசு இருந்தால் குழப்பமில்லை. இல்லாவிட்டால் முழு இலைக்கு ஐந்தாறு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டு, முதல் ஜாடியின் சுவையைப் பார்த்துத் திருத்தலாம். டீ பேக்தான் கையில் இருக்கிறது என்றால் 2 கிராம் பைகள் நான்கைந்து போதும். உள்ளே இருப்பது பெரும்பாலும் தூள் என்பதால் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இலைமீது ஆறிய நீரை ஊற்றி, சுத்தமான கரண்டியால் ஒருமுறை கிளறி, இலையெல்லாம் நனைந்ததைப் பார்த்து, மூடி, உடனே ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். உட்புறம் 4, 5 பாகை இருந்தால் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் 8 முதல் 10 மணி நேரத்தில் பதத்துக்கு வரும். இரவு உணவு முடிந்து வைத்தால் காலையில் வடிக்கலாம். பச்சைத் தேயிலைக்கு 4 முதல் 6 மணி போதும். டார்ஜிலிங் முதல் பறிப்பு 6 முதல் 8. இறுக உருட்டிய ஊலாங் மெல்ல அவிழ்வதால் 12 மணி வரை கேட்கும். வீட்டில் சி.டி.சி. தவிர வேறில்லை என்றால் லிட்டருக்கு 6 கிராம் போட்டு 3, 4 மணியில் வடித்துவிடுவது உத்தமம். நேரம் கடந்துபோனாலும் கொதிநீரில் நேர்வதுபோல் விபரீதம் ஆகாது என்பது இந்த முறையின் பெரிய ஆறுதல். தூங்கிவிட்டவரையும் அது மன்னிக்கும். ஆனால் மெலிதாக இருக்கிறதே என்று 20 மணி நேரம் ஊறவிட்டால் திடம் ஏறுவதில்லை, தட்டையான ஒரு சக்கைவாசம்தான் ஏறும். மெலிதாக இருந்தால் அடுத்தமுறை இலையைக் கூட்ட வேண்டும், நேரத்தை அல்ல.

வடிப்பதற்கு எவர்சில்வர் டீ வடிகட்டியும், அதன்மேல் துவைத்து நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியும் போதும். இலையைப் பிழியக் கூடாது. கரண்டியால் அழுத்தவும் கூடாது. பிழிந்தால் நுண்தூள் வெளியேறிக் கலங்கலும் கசப்பும் கூடும். அடியில் நிற்கும் கடைசிக் கரண்டி நீரை விட்டுவிடலாம். சரியாக வந்த நீலகிரித் தேநீர் வெளிர்செம்பு நிறத்தில், மறுபக்கத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து வரும் தேநீர் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் ஐஸ் அதிகம் கேட்காது. கரைந்து நீர்க்கும் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அதே தேநீரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம்.

இடைவழி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது: இலைமீது 100 மில்லி கொதிநீரை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, பிறகு 900 மில்லி குளிர்நீரைச் சேர்ப்பது. நிறமும் மணமும் சீக்கிரம் இறங்கும். இறுகிய இலை விரைவில் விரியும். துவர்ப்பு சற்று எட்டிப்பார்க்கும். திடமான டீக்குப் பழகிய நாக்குக்கு இது பிடிக்கலாம். தெளிவையும் மென்மையையும் நாடுபவருக்கு முழுக் குளிர்முறையே சரி.

இனி எச்சரிக்கை. சூடான டீயில் கொதிநீர் இலையில் உள்ள நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. குளிர்நீர் முறையில் கொல்லும் படி எதுவுமே இல்லை. தேயிலை தோட்டத்தில் விளைந்து, பலர் கைப்பட்டு, தொழிற்சாலையில் உலர்ந்து வருவது. உலர்ந்திருக்கும்வரை அதில் உள்ள நுண்ணுயிர்களும் வித்துகளும் அடங்கிக் கிடக்கும். நனைந்து, வெதுவெதுப்பும் கிடைத்தால் பெருகும். ஆகவே மேடைமீது ஊறவைத்துப் பிறகு ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்ற யோசனை, 30 பாகைக்கு மேல் போகும் தமிழ்நாட்டுச் சமையலறைக்குப் பொருந்தாது. ஜாடியை வெயிலில் வைத்து ஊறவைக்கும் அமெரிக்க முறை அதைவிட மோசம்: வெயில் நீரை 55 பாகைக்கு மேல் கொண்டுபோவது அரிது, அது கிருமியைக் கொல்லப் போதாது, வளர்க்கப் போதும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1996-லேயே ஐஸ் டீயில் பெருகும் பாக்டீரியா பற்றி எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது.

ஆகவே கொதித்து ஆறிய நீர், சுடுநீரில் கழுவிக் காய்ந்த ஜாடி, தொடக்கம் முதல் ஃபிரிட்ஜ் ஆகியவற்றில் சலுகை கிடையாது. வடித்த தேநீரை இரண்டு நாளுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும். முதல் நாளிலேயே மணம் சிறந்திருக்கும். மின்சாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் ஜாடியைக் கவிழ்ப்பதே நல்லது. பத்துக் கிராம் இலைதான் நஷ்டம். நூல்போல் இழுபடும் வழவழப்போ புளித்த வாசமோ தெரிந்தால் சுவைத்துப் பார்ப்பதே தவறு. கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் உள்ள வீடுகளில் சூடாகப் போட்டு ஆறவைத்த டீயே பாதுகாப்பானது.

மூடி இறுக்கமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. தேயிலை அருகிலுள்ள வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். சீனாவின் ஃபூஜியனில் மல்லிகைத் தேயிலை செய்வது இந்தக் குணத்தை நம்பித்தான்: மாலையில் மலரும் மொட்டுகளை உலர்ந்த இலையோடு கலந்து இரவெல்லாம் வைத்து, காலையில் பூவைப் பிரித்தெடுப்பார்கள். அங்கே பயன்படுவது நம் குண்டுமல்லியின் இனமே. ஃபிரிட்ஜில் பூச்சரம் வைக்கும் வீட்டில் மூடாத ஜாடி மல்லிகை வாசம் பிடித்தால் பாதகமில்லை. அதே ஃபிரிட்ஜில் கருவாட்டுக் குழம்பும் இருக்கும் என்பதுதான் சிக்கல். கடைப்பூவை நீரில் போடவே கூடாது. அதில் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம்.

இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரையை நேராகப் போட்டால் அடியில் மணலாகக் கிடக்கும். சர்க்கரையும் நீரும் சம அளவில் கொதிக்கவைத்து ஆறவிட்ட பாகு கைவசம் இருந்தால் இரண்டு தேக்கரண்டி உடனே கலந்துவிடும். பனங்கற்கண்டுப் பாகும் பொருத்தமே; நிறம் மட்டும் கொஞ்சம் கறுக்கும். குளிர்ந்த பானத்தில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். கடையில் விற்கும் ஐஸ் டீயில் சர்க்கரை கொட்டிக் கிடப்பது அதனால்தான். குளிர்நீர்த் தேநீரில் ஈடுகட்டவேண்டிய கசப்பே குறைவு என்பதால் பாதி இனிப்பில் நிறைவு வந்துவிடும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் சட்டென்று வெளிறும். அமிலம் பட்டதும் தியாரூபிஜின்களின் நிறம் தளர்வதே காரணம், டீ நீர்த்துவிடவில்லை. எலுமிச்சை, புதினா, பழத்துண்டு எல்லாம் கிளாஸில் சேர வேண்டியவை. ஜாடியில் போட்டால் சீக்கிரம் கெடும். நன்னாரி சர்பத் வலுவான வாசனை உடையது. நல்ல நீலகிரி இலையில் அதைச் சேர்த்தால் தேயிலை காணாமல் போகும், சி.டி.சி. ஊறலுக்கு அது கைகொடுக்கும். பால் சேர்ப்பதில் பொருளில்லை: சூடான டீயின் துவர்ப்பைப் பாலின் கேசீன் பிடித்து அடக்குகிறது, இங்கே அடக்குவதற்கு அவ்வளவு துவர்ப்பு இல்லை.

காஃபீன் குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட நேரம் ஊறிய ஜாடியிலிருந்து மூன்று கிளாஸ் குடித்தவருக்குத் தூக்கம் தள்ளிப்போகலாம். மென்மையாக இருப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போய்விடும். தேயிலையின் பாலிஃபீனால்கள் கீரை, பருப்பு போன்ற தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

வடித்த பின் ஜாடியில் நிற்கும் இலை இன்னும் வெறும் சக்கையாகிவிடவில்லை. காஃபீனில் கணிசமான பங்கும் துவர்ப்பான கேட்டக்கின்களும் அதில்தான் இருக்கின்றன. அரை லிட்டர் குளிர்நீர் ஊற்றி மறுபடி 12 மணி ஊறவைத்தால் மெல்லிய இரண்டாம் தண்ணீர் கிடைக்கும். பச்சைத் தேயிலைக்கும் ஊலாங்குக்கும் இது ஒத்துவரும். கருந்தேயிலையானால் அன்றே கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடிவைப்பது மேல். குளிர்நீர் விட்டுவைத்ததெல்லாம் அப்போது இறங்கும். மணம் போய் நிறமும் கசப்பும் மிஞ்சிய அந்த டிக்காஷன், பாலும் இஞ்சியும் சேர்ந்தால் ஒரு மாலை டீக்கு ஆகும்.